ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பாடும் பறவையின் குஞ்சு பாட்டைக் கற்பது மூளையின் எந்தப் பகுதியில்?

ஒரே இடத்தில் இல்லை. பாடுவதற்கு ஒரு நரம்புப் பாதை, பழகுவதற்கு இன்னொன்று.

பாடும் பாதை எச்.வி.சி. என்ற நரம்பணுத் திரளில் தொடங்கி, ஆர்.ஏ. என்ற இன்னொரு திரள் வழியாகக் குரல் உறுப்பை இயக்கும் நரம்புகளுக்குப் போகிறது. எச்.வி.சி.யிலிருந்து ஆர்.ஏ.வுக்குச் செல்லும் ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு பாட்டடிக்கு ஒருமுறைதான், அதுவும் சுமார் 6 மில்லிசெகண்டு, துடிக்கும். அடுத்த நரம்பணு அடுத்த நொடித்துணுக்கைப் பார்த்துக்கொள்ளும்.

பழகும் பாதையில் ஏரியா எக்ஸ், தலாமஸ், எல்மேன் என்ற மூன்று மூளைப் பகுதிகள் உண்டு. இதில் எல்மேனின் வேலைதான் சுவாரசியம்: பாட்டைக் கொஞ்சம் குலைத்துவிடுவது! அந்தத் தடுமாற்றம் இருந்தால்தானே திருத்த முடியும்? ஆண் குஞ்சு ஏறக்குறைய 25 முதல் 65 நாள் வயதுக்குள் அப்பாவின் பாட்டைக் கேட்டுப் பதித்துக்கொள்கிறது. 35ஆம் நாள் வாக்கில் உளறத் தொடங்கி, 90 நாளில் பாட்டை உறுதிசெய்கிறது. பெட்டை பாடுவதில்லை, அதன் எச்.வி.சி.யும் மிகச் சிறியது.

இளவயதில் எல்மேன் சிதைந்தால், பாட்டு அரைகுறையாகவே இறுகிவிடும். ஏரியா எக்ஸ் சிதைந்தாலோ நேர்மாறு, பாட்டு நிலைபெறவே பெறாது. வளர்ந்த பறவையில் எல்மேனை நீக்கினால் பழைய பாட்டு பெரிதாக மாறாது. ஆனால் காது போனால், வளர்ந்த பறவையின் பாட்டும் வாரக்கணக்கில் மெல்லச் சிதையும்.