கப்பலில் கல்யாணம், கரையில் உறவினர்

கேள்வி: என் மகளின் திருமணம் மயாமி துறைமுகத்தில், உல்லாசக் கப்பல் புறப்படும் நாளன்று கப்பலிலேயே நடக்கிறது. பயணத்தில் கலந்துகொள்ளாத உறவினர்கள் 20 பேரை அழைக்கலாமா? – ஒரு வாசகி, டாம்பா

பதில்: அழைக்கலாம், ஆனால் கடைசி நேரத்தில் ஒருவரைக் கூடுதலாகக் கூட்டிச்செல்ல முடியாது. வருவோரின் பெயர்கள், அடையாள அட்டையில் உள்ளபடியே, கப்பல் நிறுவனம் குறிப்பிடும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று ஒவ்வொருவரும் கடவுச்சீட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ அசலாகவே கொண்டுவந்து, விமான நிலையத்தைப் போன்ற சோதனையைக் கடந்துதான் ஏற முடியும்.

சடங்கு பெரும்பாலும் நண்பகலையொட்டியே அமையும் என்பதாலும், பயணம் செய்யாதவர்கள் கப்பல் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே இறங்கிவிட வேண்டும் என்பதாலும், முகூர்த்த நேரத்தைக் கப்பல்காரரிடம் கேட்டபிறகு ஜோசியரிடம் போவதே நடைமுறைக்கு ஒத்துவரும். கப்பலில் திறந்த நெருப்புக்குத் தடை உண்டு. கற்பூரத்தைப் பையில் வைக்காதீர்கள், குத்துவிளக்குக்கு மின்கலத் திரி போதும். விருந்தை அவசரப்படுத்தாமல், முந்தைய நாள் மாலை கரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் நிற்கும்வரை ஃபுளோரிடா சட்டமே பொருந்தும். மாநிலவாசிகள் திருமண உரிமம் பெற்றபின், திருமணத்துக்கு முந்தைய ஆயத்த வகுப்பை முடித்திராவிட்டால், 3 நாள் காத்திருக்க வேண்டும்; உரிமம் 60 நாள் செல்லும்.