ரிச்சர்ட் ரைட்டின் கடைசித் தொகுப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பிற்காலத் தொகுப்புகளில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது 'தி எண்ட்லெஸ் ரிவர்' என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். கல்லூரிக் காலம் முதல் அந்தக் குழுவைக் கேட்டு வருபவன் என்ற முறையில் எனக்கு அது வியப்பையும், உண்மையைச் சொன்னால் சற்று வருத்தத்தையும் அளித்தது. ஐம்பது நிமிடங்களுக்கு மேல் ஓடும் அத்தொகுப்பில் பாடல் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மற்றவை அனைத்தும் 1993-ல் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட துண்டுகள். அவற்றை இருபது ஆண்டுகள் கழித்துத் தூசு தட்டி, குழுவின் பெயரை ஒட்டி விற்றிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். எனக்கு பிங்க் ஃப்ளாய்ட் என்றால், பின்னர் குழுவை விட்டு வெளியேறிய ரோஜர் வாட்டர்ஸின் வரிகள்தான், அவற்றில் இருந்த கோபமும் கேள்விகளும்தான். அவை இல்லாத இசை என்னதான் இனிமையாக இருந்தாலும் பின்னணி ஒலியாகவே நின்றுவிடுகிறது. 1994-ல் 'தி டிவிஷன் பெல்' தொகுப்பின் இறுதிப் பாடலோடு இவர்கள் நிறுத்திக்கொண்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். உங்கள் மதிப்பீட்டுக்கு இசை காரணமா, குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் மறைந்துவிட்டார் என்ற இரக்கம் காரணமா என்பதை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நெடுநாள் நேசித்தவருக்கு மட்டுமே வரக்கூடிய கசப்பு உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஆகவே விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தகவல்களில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். 1993-ன் தொடக்கத்தில் கித்தார் கலைஞர் டேவிட் கில்மர், டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் லண்டனின் பிரிட்டானியா ரோ ஒலிப்பதிவுக் கூடத்தில், எதையும் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளாமல் சேர்ந்து அமர்ந்து, அந்தந்தக் கணத்தில் தோன்றியதை வாசித்துப் பதிவு செய்தார்கள். பிறகு தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மரின் அஸ்டோரியா என்ற படகுக் கூடத்தில் அந்தப் பொறிகள் பாடல்களாக வளர்க்கப்பட்டு அடுத்த ஆண்டு 'தி டிவிஷன் பெல்' வெளிவந்தது. எஞ்சியவற்றைக் கொண்டு ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜாக்சன் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொகுப்பு ஒன்றைச் செய்தார். அது வெளியாகவே இல்லை. 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் தம் 65-ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். அதற்குப் பின்னர்தான் கில்மரும் மேசனும் அந்த நாடாக்களிடம் திரும்பி, 20 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்து, ஃபில் மான்சனேரா, யூத், ஆண்டி ஜாக்சன் ஆகிய இணைத் தயாரிப்பாளர்களின் துணையோடு புதிய வாசிப்புகளைச் சேர்த்து, 2014 நவம்பரில் வெளியிட்டார்கள்.

ஆனால் மிச்சத்திலிருந்து செய்யப்பட்டது என்பதை மட்டும் கொண்டு ஒரு பிங்க் ஃப்ளாய்ட் தொகுப்பைத் தள்ளிவிட முடியாது. நீங்கள் போற்றும் 1973-ஆம் ஆண்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் உள்ள 'அஸ் அண்ட் தெம்' பாடலின் இசை, இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரைட் பியானோவில் அமைத்து, படத்தில் இடம்பெறாமல் போனது. ஒதுக்கப்பட்ட அந்த மெட்டு சில ஆண்டுகள் கிடந்து, பிறகு வாட்டர்ஸின் வரிகளைப் பெற்றது. 1971-ல் இவர்கள் அபே ரோடு கூடத்தில் தொடர்பில்லாத சிறு துண்டுகளைப் பதிவு செய்து, அவற்றுக்கு 'நத்திங்' என்றே பெயரிட்டு எண் போட்டு வைத்தார்கள். சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக ரைட் வாசித்த ஒற்றைப் பியானோச் சுரம் அவற்றில் ஒன்று. அதிலிருந்துதான் 23 நிமிடங்கள் ஓடும் 'எக்கோஸ்' பிறந்தது. துண்டுகளைச் சேர்த்து வைப்பதும், அவை ஒன்றோடொன்று பொருந்தும் நாளுக்காகக் காத்திருப்பதும் இக்குழு தொழில் செய்த விதம். எனவே 1993-ன் துண்டுகள் 2014-ல் எவ்வளவு நன்றாகப் பொருத்தப்பட்டன என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையாகச் சாதகமான பதில் இல்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

உங்கள் கடிதத்தின் மையம் வரிகளைப் பற்றியது. வாட்டர்ஸ் எழுதிய வரிகளின் உயரத்தைப் பற்றி உங்களோடு எனக்குச் சிறிதும் வேறுபாடு இல்லை. ஆனால் வரிகளே பிங்க் ஃப்ளாய்ட் என்றால், 1968-ல் வந்த 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' தொகுப்பின் தலைப்பிசையை என்ன செய்வது? ஏறத்தாழ 12 நிமிடங்கள் நீளும் அதில் ஒரு சொல்கூட இல்லை. 1975-ன் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' இசையில் முதல் சொல் காதில் விழுவதற்கு முன் எட்டு நிமிடங்களுக்கு மேல் கடந்துவிடுகின்றன. அந்த எட்டு நிமிடங்களும் இல்லாமல் அந்த முதல் வரியை நினைத்துப் பாருங்கள். வாட்டர்ஸே அத்தனை வரிகளையும் எழுதிய 'டார்க் சைட்' தொகுப்பிலும், சாவைப் பற்றிய பகுதி வந்ததும் வரிகள் விலகிக்கொள்கின்றன; ரைட் அமைத்த இசையின் மேல் பாடகி கிளேர் டோரி சொற்களே இல்லாமல் குரலை மட்டும் எடுத்துச் செல்கிறார். வரிகள் எங்கே வேண்டாம் என்பதை இக்குழு அறிந்திருந்தது. அந்த அறிவில் பெரும்பங்கு ரைட்டுடையது என்பது என் எண்ணம்.

ராக் குழு ஒன்றில் நம் செவி முதலில் பாடகரிடமும், அடுத்துக் கித்தாரிடமும் செல்லும். ரைட் ஒரு பக்கவாத்தியக்காரரைப் போல, மற்றவர் நிற்பதற்கான தளத்தை அமைத்துவிட்டுத் தாம் அதற்குள் மறைந்துகொள்பவர். ஃபர்ஃபிசா ஆர்கனோ, ஹேமண்ட் ஆர்கனோ, மினிமூக் சிந்தசைசரோ, அவர் எதை வாசித்தாலும் சுரங்கள் குறைவாகவே இருக்கும். ஒவ்வொன்றும் அடங்குவதற்கு இடம் விட்டிருப்பார். ஜாஸ் கேட்டு வளர்ந்தவர் என்பது அவருடைய சுரச்சேர்க்கைகளில் தெரியும்.

அவருக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். 'ஷைன் ஆன்' இசையின் ஒன்பதாம் பகுதி அவர் தனியாக எழுதியது; அதன் முடிவில் குழுவின் முதல் பாடகர் சிட் பாரெட்டின் பழைய பாடலான 'சீ எமிலி பிளே'யின் மெட்டைச் சில சுரங்களில் தொட்டுவிட்டு இசை தேய்ந்து மறையும். அதற்குப் பிறகு 1994 வரை எந்தப் பிங்க் ஃப்ளாய்ட் ஸ்டுடியோத் தொகுப்பிலும் இசையமைத்தவராக அவர் பெயர் இடம்பெறவில்லை. 1979-ல் 'தி வால்' பதிவின்போது குழுவிலிருந்து விலக்கப்பட்டார்; அத்தொகுப்புக்கான மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார்; 1983-ன் 'தி ஃபைனல் கட்' தொகுப்பில் அவர் இல்லவே இல்லை. 1985-ல் வாட்டர்ஸ் வெளியேறிய பின் வந்த 1987-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அவர் முழு உறுப்பினர் அல்லர். 1993-ல் அந்தக் கூடத்தில் அமர்ந்தபோதுதான், பல ஆண்டுகளுக்குப் பின், அவருடைய வாசிப்பைக் கேட்டு மற்ற இருவரும் தங்கள் வாசிப்பை அமைத்துக்கொண்டார்கள். 'தி டிவிஷன் பெல்' தொகுப்பில் ஐந்து இசைகளில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஒரு பாடலை அவரே பாடவும் செய்தார். எஞ்சிய நாடாக்களில் இருந்ததும் அந்த வாசிப்புகள்தான். 'தி எண்ட்லெஸ் ரிவர்' தொகுப்பின் 18 துண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இசையமைத்தவராக ரைட்டின் பெயர் இருக்கிறது. குழுவின் வேறெந்தத் தொகுப்பிலும் இந்த அளவுக்கு அவர் நடுவில் இருந்ததில்லை.

எனவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் விடை இது. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக இத்தொகுப்பை நான் கேட்பதில்லை. அவரை இவ்வளவு அருகில் கேட்க வேறு இடம் இல்லை என்பதால் கேட்கிறேன். இசைத்தட்டின் முதல் பக்கத்தின் இறுதியில் வரும் 'எப் அண்ட் ஃப்ளோ'வில் மின்பியானோ ஒரே சிறு அசைவை மீண்டும் மீண்டும் தொட, கில்மரின் கித்தார் அதைச் சுற்றி மட்டும் நகர்கிறது. கித்தார் முன்னால் நிற்க, கீபோர்டு பின்னால் நின்ற பழைய ஒழுங்கு அந்த இரண்டு நிமிடங்களுக்குத் தலைகீழாகிவிடுகிறது. மூன்றாம் பக்கத்தைத் தொடங்கும் 'தி லாஸ்ட் ஆர்ட் ஆஃப் கான்வர்சேஷன்' ரைட் மட்டுமே எழுதியது. அதில் பியானோ எதையும் நிரூபிக்க முயல்வதில்லை.

அதே பக்கத்தில் 'ஆட்டம் 68' (Autumn, அதாவது இலையுதிர் காலம்) என்ற துண்டைத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை கேளுங்கள். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உள்ள மாபெரும் குழல் ஆர்கனில் ரைட் 1969-ல் வாசித்த பதிவு அது. பெயரோ 1970-ல் அவர் எழுதிப் பாடிய 'சம்மர் 68' என்ற பாடலை நினைவூட்டுகிறது. அந்த ஆர்கனை வாசித்தபோது அவருக்கு வயது 25. குழு புகழ் பெறத் தொடங்கியிருந்த காலம். அவரை யாரும் வெளியேற்றியிருக்கவில்லை. அந்த இளைஞரின் ஆர்கன் மேல், ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அறுபது வயதைக் கடந்த கில்மர் தம் கித்தாரை வைக்கிறார். எல்லாம் ஒன்றரை நிமிட அளவில் முடிந்துவிடுகிறது. முன்னும் பின்னும் 'அலோன்ஸி' என்ற வேகமான துண்டு இரண்டாகப் பிரிந்து நிற்க, நடுவே இந்த ஆர்கன் ஒலி எழும்போது தொகுப்பின் கால உணர்வே மாறிவிடுகிறது. இதைப் பின்னணி ஒலி என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். மேலே சொன்ன ஒன்றரை நிமிடமே ஒரு குறைதான். பல துண்டுகள் வளரத் தொடங்கும் இடத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. 'ஸ்கின்ஸ்' துண்டில் நிக் மேசனின் டிரம்ஸ் 1968-ன் அந்தப் பழைய மூர்க்கத்தை எட்டிப்பிடிக்கும்போது அடுத்தது வந்துவிடுகிறது. ரைட் தனியாக எழுதிய 'அன்சங்' ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. மூவரும் முன்தயாரிப்பில்லாமல் வாசித்ததுதான் இத்தொகுப்பின் மூலதனம் என்றால், அந்தத் தேடலைத் தடுமாற்றங்களோடு பத்து நிமிடமாவது ஓடவிட்டிருக்க வேண்டும். கேட்பவர் சலித்துவிடுவார் என்று அஞ்சி நறுக்கியிருக்கிறார்கள். 'இட்ஸ் வாட் வீ டூ' 1975-ன் நிழலிலிருந்து விலகவே இல்லை. ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் குரல் 1994-லேயே ஒரு பாடலில் பயன்பட்டுவிட்டது. அதை மீண்டும் கொண்டுவந்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. புதிதாகச் சேர்க்கப்பட்ட கித்தார் சில இடங்களில் ரைட்டை மறுபடியும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. எல்லாவற்றையும் விட, கில்மரின் மனைவி பாலி சாம்சன் வரிகள் எழுதிய இறுதிப் பாடலான 'லவுடர் தேன் வேர்ட்ஸ்', எங்களுக்குள் நடந்தது சொற்களைவிட வலியது என்பதைச் சொற்களால் விளக்குகிறது. அதுவரை நாம் கேட்டறிந்ததை நமக்கே எடுத்துரைக்கிறது. வரிகள் இல்லை என்பது உங்கள் குறை. வரிகள் வந்துவிட்டன என்பது என் குறை.

பெயரை வைத்து விற்றார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமாக இல்லை. பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது உண்மை. ஆனால் பிங்க் ஃப்ளாய்ட் போன்ற ஒரு குழுவுக்குப் பெரும்பணம் மேடைச் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது; இத்தொகுப்புக்காக அவர்கள் ஒரு மேடையிலும் ஏறவில்லை. 'தி டிவிஷன் பெல்' முடிவோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். 'தி எண்ட்லெஸ் ரிவர்' என்ற பெயரே நீங்கள் குறிப்பிடும் அந்த இறுதிப் பாடலான 'ஹை ஹோப்ஸ்' முடியும் வரியிலிருந்து எடுக்கப்பட்டதுதான். அந்தப் பதிவுக் காலத்தின் விடுபட்ட பாதியாகவே இதை அவர்கள் கருதினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ரைட்டின் மறைவைப் பற்றிய சொற்கள்தான் உங்களுக்கு வேண்டுமென்றால், கில்மர் 2015-ல் தம் பெயரில் வெளியிட்ட 'ராட்டில் தட் லாக்' தொகுப்பில் 'எ போட் லைஸ் வெயிட்டிங்' என்ற பாடல் இருக்கிறது. அதற்கும் வரிகள் பாலி சாம்சனுடையவைதான். டேவிட் கிராஸ்பியும் கிரகாம் நாஷும் உடன் பாடியிருக்கிறார்கள். பாய்மரப் படகையும் கடலையும் விரும்பிய ஒரு நண்பரைப் பற்றிய பாடல் அது. 'லவுடர் தேன் வேர்ட்ஸ்' செய்ய முயன்றதை அது மிக இயல்பாகச் செய்துவிடுகிறது. சொற்களை அங்கே கேளுங்கள். 2014-ன் தொகுப்பை மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கி, கித்தாரை விட்டுவிட்டுக் கீபோர்டை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப் பார்த்து, அதன் பிறகும் உங்கள் கருத்து மாறவில்லையென்றால் எழுதுங்கள்.

அன்புடன்.