ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டால், இடையில் சொன்ன பொய் தவறாகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் உளவியல் மாணவர் என்று நினைக்கிறேன். ஆய்வேட்டுக்காகப் பங்கேற்பாளர்களிடம் எதையோ மறைக்க வேண்டியிருக்கிறது, இல்லையா? நான் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள்.

அப்போது எனக்கு 19 வயது. ஆய்வுக்கு ஆள் வேண்டும், வந்தால் இன்டர்னல் மார்க் உண்டு என்றார்கள். மார்க் என்றால் யார் மறுப்பார்கள்? கணினியில் 20 புதிர்கள். முடித்ததும் ஆய்வாளர் ஒரு தாளை நீட்டினார். என் வயதினரில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கிறேன் என்றது அது. உடனே இன்னொரு படிவம் கொடுத்தார். அதில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாது என்று தலையை நிமிர்த்தியே வைத்திருந்தது நினைவிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து எல்லாரையும் கூட்டி, அந்த மதிப்பெண் பொய், யாருக்கு எந்தத் தாள் என்பது குலுக்கலில் முடிவானது என்றார்கள். அதற்குள் நான் புள்ளியியல் விருப்பப் பாடத்தை விட்டுவிட்டிருந்தேன். திரும்பச் சேரக் கடைசித் தேதியும் போயிருந்தது.

"அதான் சொல்லிவிட்டார்களே" என்பவர்களுக்கு: 1975இல் ராஸ், லெப்பர், ஹப்பர்டு என்ற உளவியலாளர்கள் மூவரும் இதையே சோதித்தார்கள். தற்கொலைக் குறிப்புகளில் நிஜம் எது, போலி எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி, சிலரிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றும் சிலரிடம் மோசம் என்றும் பொய்யாகச் சொன்னார்கள். பிறகு பொய்யை உடைத்தும், மோசம் என்று கேட்டவர்கள் தங்களைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். எனக்கு இன்றும் கணக்கு என்றால் கை தயங்கும்.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆய்வாளர் சொன்னால் ஒருவர் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பாரா என்று சோதித்த உளவியலாளர் மில்கிராம், அந்த அதிர்ச்சி போலி என்ற உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போவார்கள் என்று தெரிந்தே இருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வருபவர் ஆய்வாளரை நம்பித்தான் வருகிறார், அந்த நம்பிக்கையை இப்படிப் பயன்படுத்தலாமா என்று உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964லேயே கேட்டுவிட்டார்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். விடைத்தாளை மார்க் வரிசையில் வகுப்புக்கே கேட்கும்படி வாசித்துக் கொடுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களை எந்த நெறிமுறைக் குழுவும் கேட்பதில்லை. கடைசித் தாளுக்காகக் காத்திருக்கும் பிள்ளை என்ன பாடுபடும் என்று ஒருநாளாவது யோசித்திருப்பார்களா? எனக்கு அந்த ஆய்வுத்தாள் அவ்வளவு ஆழமாகக் குத்தியதற்கு அவர்களும் காரணம்.

சரி, உங்களுக்கு வருவோம். பொய் இல்லாமல் முடியவே முடியாதென்றால் அன்றே, தனித்தனியாக உட்காரவைத்து உடையுங்கள். விஷயம் மற்றவர்களுக்குக் கசியும் என்று உங்கள் கைடு தயங்குவார். அந்தச் சிரமம் ஆய்வாளருடையதாகவே இருக்கட்டும். பொய் என்று தெரிந்த பிறகும் மனம் அதையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் விளக்குங்கள். அதே 1975 ஆய்வில் அப்படி விளக்கியபோது பாதிப்பு பெருமளவு குறைந்தது.

மூன்று வாரத் தாமதம் விதிப்படி தவறில்லை என்று யாராவது எழுதுவீர்கள். கூடிய சீக்கிரம், முடிந்தால் பங்கேற்பு முடிந்ததுமே சொல்ல வேண்டும், கடைசி எல்லைதான் தரவு சேகரித்து முடியும் நேரம் என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. பங்கேற்றவர் விரும்பினால் தன் தரவைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் படிவத்தை எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.