அன்ரியின் பதில்கள்: இரண்டு பேர், நான்கு பெட்டி

கேள்வி: நானும் என் சிநேகிதியும் பெப்ரவரி நடுவில் மெல்பேர்ண் போகிறோம். இரண்டு வருடப் படிப்பு. ஒரே விமானம், அங்கே ஒரே வீடு. ரிக்கெட்டில் ஆளுக்கு 40 கிலோ. "சமையல் சாமான் எல்லாம் ஒருத்தியின் பெட்டியில், விரிப்பு, துவாய், குளிர் உடுப்பு எல்லாம் மற்றவளின் பெட்டியில் வையுங்கள். எதையும் இரண்டு இரண்டாகக் கொண்டுபோகத் தேவையில்லை" என்கிறார் அவளுடைய அம்மா. என் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. யார் சொல்வது சரி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டு அம்மாக்களும் பாதிப் பாதி சரி, பிள்ளை. இரண்டு இரண்டாக வேண்டாம் என்பது சரி. ஒரு வகைச் சாமான் முழுவதும் ஒரே பெட்டியில் என்பதுதான் பிழை.

நானும் ஒரு சிநேகிதியும் 2003இல் இதே மெல்பேர்ணுக்கு இதே கணக்கில்தான் போனோம். குக்கர், சட்டி, அகப்பை, தூள் வகை அவளிடம். விரிப்பும் துவாயும் என்னிடம். அவளுடைய பெட்டி வந்து சேரவில்லை. விமானம் மாறிய இடத்தில் தங்கிவிட்டு நாலாம் நாள்தான் வந்தது. அந்த நாலு நாளும் எங்களிடம் ஆறு துவாய் இருந்தது, ஒரு கரண்டி இல்லை. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள்ளேயே நூடில்ஸைப் போட்டு, பேனா மூடியால் கிண்டினோம். அவள் என்னைவிட அரை அடி உயரம். என் காற்சட்டை அவளுக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்கும். அதோடுதான் பல்கலைக்கழகத்தின் முதல் நாள் கூட்டத்துக்குப் போனாள். இருபது வருடம் தாண்டியும் அந்தக் காற்சட்டையைச் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆகவே உடுப்பை மாற்றி வையுங்கள். உங்களுடைய மூன்று நாள் உடுப்பு அவளுடைய பெட்டியில், அவளுடையது உங்களுடையதில். கையோடு கொண்டுபோகும் பையில் ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பு. சட்டி ஒருத்தியிடம் என்றால் கரண்டியும் தட்டும் மற்றவளிடம். எந்தப் பெட்டி தொலைந்தாலும் இரண்டு பேரும் அரை மனிதராகவாவது வாழலாம்.

ஆனால் சாப்பாட்டுச் சாமானையும் மருந்தையும் மாற்றி வைக்கவே கூடாது. இங்கே நான் கண்டிப்பு. அவுஸ்திரேலியாவில் இறங்கும்போது, உணவு, செடிகொடி, விதை, மரச்சாமான், மிருகப் பொருள் இருக்கிறதா என்று கேட்பார்கள். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருக்கிறது என்று சொன்னால், மிஞ்சிப்போனால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். சொல்லாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே அபராதம். விசாவையே ரத்துச் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சிநேகிதியின் அம்மா துவாய்க்குள் சுற்றி வைத்த ஒரு கொத்துப் பச்சைக் கறிவேப்பிலைக்கு நீங்கள் நின்று பதில் சொல்லும்படி ஆகக்கூடாது. இரண்டு அம்மாக்களையும் கடைசி இரவு பெட்டிக்குக் கிட்ட விடாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என்னதான் கொண்டுபோவது? குறைவாக. மெல்பேர்ணின் புறநகரான டண்டெனோங் பக்கம் போனால் சிவப்பரிசி, தேங்காய்ப்பால் மா, மாசி, இடியப்ப மா எல்லாம் நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளவத்தைச் சந்தையையே தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. அங்கே கிடைக்காதது ஒன்றுதான், அம்மா தன் கையால் வறுத்து மில்லில் திரித்த தூள். அதை ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்துக் கொண்டுபோனால், அது என்ன, எதில் செய்தது என்று விளக்க வேண்டியது நீங்கள். புதுப் பையில் அடைத்து, வாயை ஒட்டி, என்ன தூள் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பெட்டியின் மேல்பக்கத்தில் வையுங்கள். கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம். வைத்திருக்க விடுவதும் விடாததும் அவர்கள் முடிவு. அதனால் ஒரு கிலோவுக்கு மேல் மனதை வைக்காதீர்கள்.

சப்பாத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். அடியில் ஒட்டியிருக்கும் மண்ணும் அவர்களுக்குப் பிரச்சினைதான். பழைய பல் தூரிகையால் அடிப்பள்ளங்களைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு வையுங்கள்.

குளிர் உடுப்புக்கு இங்கே காசைக் கொட்டாதீர்கள். பெப்ரவரியில் அங்கே கோடை. இறங்கும் நாள் நாற்பது பாகை வெயில் அடித்தாலும் ஆச்சரியமில்லை, அடுத்த நாள் இருபதுக்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. குளிர்காலம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. நகரத்துக்குள் பனி கொட்டாது. ஆனால் வாடகை வீடுகளுக்குள் குளிரும், வெளியே நிற்பதே மேல் என்று தோன்றும். ஒரு பாரமான கோட்டைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மெல்லிய உடுப்புகள்தான் உதவும். மே மாதத்துக்குள் அங்கேயே வாங்குங்கள். பழைய உடுப்பு விற்கும் தருமக் கடைகளை 'ஒப் ஷொப்' என்பார்கள். என்னுடைய நல்ல கம்பளிக் கோட்டு அப்படி ஒரு கடையில் வாங்கியதுதான்.

அந்த மிச்சக் காசில் இரண்டு காரியம் செய்யுங்கள். பல் வைத்தியரிடம் போய் அடைக்க வேண்டிய பல்லை அடைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுபவரானால் ஒன்றுக்கு இரண்டாகச் செய்துகொண்டு போங்கள். மாணவருக்கான சாதாரண மருத்துவக் காப்புறுதி பல்லுக்கும் கண்ணாடிக்கும் பொதுவாகக் காசு தராது. தொடர்ந்து எடுக்கும் மருந்தென்றால் மூன்று மாதத்துக்குள் அடங்கும் அளவு, அதன் சொந்தப் பெட்டியோடு. வைத்தியரின் ஆங்கிலக் கடிதமும் கூட இருக்கட்டும்.

போகும் முன் உள்ளூர் சிம்மில் ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். வங்கிக் கணக்குக்குள் போக வரும் இரகசிய எண் அந்த நம்பருக்குத்தான் வரும். இடைக்கிடை ரீலோட் போடச் சொல்லித் தம்பியிடம் பொறுப்புக் கொடுங்கள். ஆவணங்களின் மூலப் பிரதி கைப்பையில், நகல் சிநேகிதியிடம். சான்றிதழில் வெளிநாட்டு அமைச்சின் உறுதிப்படுத்தல் கேட்டிருந்தால் பத்தரமுல்லை அலுவலை முன்கூட்டியே முடியுங்கள்.

இனி, வீட்டில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் விஷயம். சேர்ந்து வாங்கும் குக்கர், மெத்தை எல்லாம் பிரியும்போது யாருக்கு? ஒருத்திக்கு வேலை தூரத்தில் கிடைத்து ஆறாம் மாதமே வீடு மாறலாம். பொதுச் சாமானை ஆளுக்கொன்றாக வாங்கிவிடுங்கள். குக்கர் உன்னுடையது, வக்யூம் கிளீனர் என்னுடையது. பாதிப் பாதிக் காசு போட்டு எதையும் வாங்காதீர்கள். நாங்கள் பாதிக் காசு போட்டு வாங்கிய ஒரு சின்ன மேசைக்காக மூன்று கிழமை கதைக்காமல் இருந்தோம். மேசை கடைசியில் தெருவோரத்தில் போனது.

வெள்ளவத்தை என்பதால் இன்னொன்று. கடற்காற்றில் அலுமாரிக்கு மேல் கிடந்த சூட்கேஸின் உலோக சிப் பச்சை பிடித்து இறுகியிருக்கும். மெழுகுதிரியை அதன் பல்லில் மேலும் கீழும் தேய்த்துவிட்டு நாலு தரம் இழுங்கள். அப்போதும் இடையில் பிடித்தால் அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். நிறை பார்க்கத் தராசு வாங்க வேண்டாம். பழைய பேப்பர் எடுக்க வருபவரின் கொக்கித் தராசில் நான் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே நிறுத்துத் தந்தார்.

கேள்வி: மகனும் அவனுடைய நண்பனும் இதே நகரத்துக்கு வருடக்கணக்கில் இருக்கப் போகிறார்கள். எங்கள் ரைஸ் குக்கர் அங்கே வேலை செய்யுமா? பிளக் பொருந்துமா?
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: மின் அழுத்தம் இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட்தான், அதனால் குக்கர் பழுதாகாது. பிளக்தான் பொருந்தாது. அவர்களுடையது சாய்ந்த தட்டைக் கால்கள். அடப்டர் இரண்டும், நம் ஊர்ப் பிளக் குத்தும் எக்ஸ்ரென்ஷன் ஒன்றும் போதும். லப்டொப், போன் எல்லாம் அதில் ஓடும். ரைஸ் குக்கர் இழுக்கும் மின்சாரம் அடப்டருக்குப் பாரம், அதனால் அதை அதில் குத்த வேண்டாம், அங்கேயே ஒன்று மலிவாக வாங்கட்டும். பவர் பாங்கைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அனுப்பும் பெட்டியில் போட விடமாட்டார்கள். இரண்டு பெடியன்கள் என்கிறீர்கள், சோறு வடிக்கத் தெரியுமா என்று ஒருதரம் பரிசோதித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: சுவாமி விளக்கும் திருநீறும் மெல்பேர்ணுக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பித்தளை விளக்கு தாராளமாக. திரியை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகப் புளி போட்டு மினுக்கி, பேப்பரில் சுற்றி வையுங்கள். திருநீறு வேண்டாம். சாணத்தில் சுட்டது என்று மிருகப் பொருள் பார்க்கும் அதிகாரிக்கு நீங்கள் விளங்கப்படுத்தி முடிக்கும்போது வெளியே நிற்கும் டக்ஸி போய்விடும். கரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, 'த பேசின்' என்ற இடத்தின் பக்கம் வக்ரதுண்ட விநாயகர் கோயில் இருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமை போய் அங்கேயே ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள்.