ஓடும் நிலையத்தில் கார்டு மாற்றம்: வாசகர் கேள்விகள்

எங்கள் தொலைபேசி நிலையத்தில் 14 ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) உள்ள ஏடிசிஏ ஷெல்ஃப், அதாவது தொலைத்தொடர்புக் கார்டுகளை அடுக்கும் பெட்டி, ஓடுகிறது. பழுதான கார்டை மின்சாரத்தை நிறுத்தாமல் மாற்ற வேண்டும். கைப்பிடியைத் திறந்ததும் நீல விளக்கு மின்னுகிறது. அப்போதே இழுத்துவிடலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

இழுக்கக் கூடாது. மின்னுகிறது என்றால் கார்டு இன்னும் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறது. விளக்கு நிலையாக எரிந்த பிறகே கை வைக்க வேண்டும். அந்த விளக்கை மட்டும் நம்பி இறங்குவதும் ஆபத்து. கார்டின் முக்கிய மின்சாரம் நின்றதை அது சொல்லும். அதில் போய்க்கொண்டிருந்த அழைப்புகள் வேறு கார்டுக்குப் போய்விட்டனவா என்று சொல்லாது.

அதனால் வேலையைக் கன்சோலில், அதாவது நிலையத்தைக் கட்டுப்படுத்தும் திரையில், தொடங்குங்கள். இந்தக் கார்டுக்கு மாற்றாக நிற்கும் ஜோடிக் கார்டு ஸ்டாண்ட்பையில் (தயார் நிலையில்) இருக்கிறதா, இரண்டின் தரவும் முழுதாக சிங்க் (ஒத்துப்போதல்) ஆகியிருக்கிறதா, அதன் மேல் ஏதாவது அலாரம் நிற்கிறதா என்று பாருங்கள். ஜோடியும் நோயாளியாக இருந்தால் அன்றைக்குக் கார்டைத் தொடவே வேண்டாம். சரியாக இருந்தால் நீங்களே ஸ்விட்ச்ஓவர் கொடுத்து வேலையை ஜோடிக்கு மாற்றுங்கள். புதிதாகச் சுமை ஏற்ற கார்டில் அழைப்புகள் ஒழுங்காகப் போவதைப் பார்த்த பிறகு பழைய கார்டை 'ஷட்டிங் டவுன்' நிலைக்குக் கொண்டுபோங்கள். அப்போது அது புதிய அழைப்பை ஏற்காது. நடப்பவை முடியும்வரை காத்திருந்து தானே 'லாக்' (சேவையிலிருந்து விலகிய நிலை) ஆகும். எடுத்த எடுப்பில் 'லாக்' கொடுத்தால் நடக்கும் அழைப்புகளும் அறுந்துபோகும்.

அடுத்தது ஸ்லாட் எண். பெரும் இழப்பு இங்கேதான் நடக்கிறது. 14 ஸ்லாட் ஷெல்ஃபில் மற்ற கார்டுகளை இணைக்கும் ஸ்விட்ச் கார்டுகள் பெரும்பாலும் நடுவில், 7, 8ஆம் இடங்களில் இருக்கும். ஆனால் இருக்கும் இடத்தை அல்லாமல் இணைப்பை வைத்துத் தரும் தருக்க எண்ணில் அவை 1, 2. திரையில் தெரியும் எண் எந்தக் கணக்கு என்று தெரியாமல் பக்கத்துக் கார்டை உருவினால் நல்ல கார்டு போய்விடும். முகப்பில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைத் திரையில் தெரிவதோடு ஒப்பிடுங்கள்.

கேபிள்கள் வந்து சேரும் பின்பக்க மாட்யூலுக்கு முன்கார்டு (நீங்கள் மாற்றும் கார்டு) வழியாகத்தான் மின்சாரம் போகிறது. முன்கார்டை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். அதில் வரும் கேபிள்களின் போக்குவரத்தையும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

இப்போது முகப்பின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, கைப்பிடியை லேசாக மட்டும் திறங்கள். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் அதை உணர்ந்து ஷெல்ஃபை நிர்வகிக்கும் ஷெல்ஃப் மேனேஜரிடம் அனுமதி கேட்கும். விளக்கு மின்னத் தொடங்கும். இயங்குதளம் மூடி, விளக்கு நிலைத்ததும் இரண்டு கைப்பிடிகளையும் முழுதாகத் திறந்து நேராக இழுங்கள். மின்னும்போதே உருவினால் எழுதிக்கொண்டிருந்த வட்டு கெடலாம்.

புதிய கார்டைச் செருகினேன். நீல விளக்கு அணையவே இல்லை. கார்டு பழுதா?
– வாசகர், வியாசர்பாடி

விளக்கு எப்படி எரிகிறது என்பதில் பதில் இருக்கிறது. நிலையாக எரிந்தால் கைப்பிடி முழுதாக மூடவில்லை, அல்லது அதன் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. நீண்டு நீண்டு மின்னிக்கொண்டே இருந்தால் கார்டு அனுமதி கேட்டுவிட்டது, ஷெல்ஃப் மேனேஜர் தரவில்லை. அதன் அமைப்பில் அந்த ஸ்லாட் தானாக இயங்கும்படி விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு அணைந்தும் கார்டு எழவில்லை என்றால் மின் ஒதுக்கீடு போதாமல் இருக்கலாம். அனுமதிக்கு முன் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளக்கூடியது 10 வாட்தான். மீதியைக் கேட்டுப் பெற வேண்டும்.

செருகும்போது இறுக்கமாக இருந்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து, டார்ச் அடித்து, உள்ளே கார்டு போய் மாட்டும் பேக்பிளேன் பலகையைப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தால் அந்த ஸ்லாட் முழுக்கப் போச்சு. மின் இணைப்பியின் பின்கள் வேண்டுமென்றே வெவ்வேறு நீளத்தில் இருக்கின்றன: தரை இணைப்பு முதலில் தொடும், இயக்க அனுமதி தரும் குட்டைப் பின்கள் கடைசியில். மைனஸ் 48 வோல்ட் லைனில் பாயும் திடீர் மின்னோட்டத்தை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே பாதியில் நிறுத்தி ஆட்டாமல், ஒரே சீராகத் தள்ளுங்கள்.

கடலோரக் காற்று ஈரமானதுதானே, கையில் நிலைமின்சாரத்தைக் கடத்தும் ஸ்ட்ராப் கட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், ராயபுரம்

கட்டத்தான் வேண்டும். வெளியே எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஏசி அறைக்குள் காற்று காய்ந்திருக்கலாம். 1 மெகாஓம் மின்தடை உள்ள ஸ்ட்ராப்பை ஷெல்ஃபில் அதற்கென உள்ள துளையில் செருகுங்கள். பெயின்ட் அடித்த ரேக் உடம்பில் கவ்விவிட்டால் பயன் இல்லை.

ஈரத்தால் வரும் தொல்லை வேறு. வெயிலில் வேனில் வந்த கார்டைக் குளிர்ந்த அறையில் பிரிக்காமல் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பின் செருகுங்கள். அதைவிட முக்கியம், குளிர்ந்த கார்டை வெளியே எடுத்துப் போகும்போது: உறையில் போட்டு மூடாமல் போனால் அதன் மேல் ஈரம் படியும், கடற்கரையில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும்.

கார்டு எடுத்த ஸ்லாட்டைத் திறந்தபடி விடாதீர்கள். காற்று அந்த வழியே ஓடி, பக்கத்துக் கார்டுகள் சூடாகும். மாற்றுக் கார்டு வர நேரமாகும் என்றால் காலி இடத்தை மூடும் ஃபில்லர் தகட்டை உடனே பொருத்துங்கள். தூசியும் உள்ளே புகாது.