ஓடியாடும் பிள்ளைக்கு எதற்குத் தினமும் இன்ஹேலர்?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. சளி பிடித்தால் இரண்டாம் நாள் இரவே வீசிங் வந்துவிடுகிறது. அடங்கிய பிறகு தெருவில் ஓடியாடுகிறான். ஆனாலும் தினமும் இன்ஹேலர் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பழகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா, பழகிவிடும் மருந்து இல்லை இது. வீசிங் நின்றதும் ஆஸ்துமாவும் போய்விட்டது என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டி நிற்கின்றன. சில சளியைச் சுரக்கும்; சில, தலையில் உள்ள நுண்ணிய இழைகளை அசைத்து அதை மேலே தள்ளும். ஆஸ்துமா உள்ள பல பிள்ளைகளுக்கு இந்தப் படலமே பலவீனமாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், வேறு ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் சிறு பிரஷ்ஷால் செல்களை எடுத்து வளர்த்து, அந்தப் படலத்தில் ஒரு கீறல் போட்டுப் பார்த்தார்கள். மற்ற பிள்ளைகளின் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடின. ஆஸ்துமா பிள்ளைகளின் செல்கள் திணறின. உங்கள் மகன் நன்றாக ஓடியாடும் நாட்களிலும் உள்ளே குறை இருக்கலாம் என்பது இதனால்தான்.

உங்கள் மகனுக்குச் சளியோடு வீசிங் வருவதும் இங்கே தொடங்குவதுதான். சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோ வைரஸ் இந்தச் செல்களுக்குள்தான் புகுந்து பெருகுகிறது. அடிபட்ட செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 போன்ற அபாய அறிவிப்புப் புரதங்களை வெளியிட, ஒவ்வாமை அணுக்கள் திரண்டு வருகின்றன. சுவர் வீங்கி, சளி பெருகி, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. வீசிங் வரும்போது உடனடி நிவாரணத்துக்குத் தரும் நீல இன்ஹேலர் அந்தத் தசையை மட்டும் தளர்த்தும். வீக்கத்தை அடக்குவது தினசரி இன்ஹேலரில் உள்ள குறைந்த அளவு ஸ்டீராய்டு. ஆஸ்துமாவை அது வேரோடு எடுத்துவிடாது, உண்மைதான். ஆனால் தினமும் எடுத்துக்கொண்டு வரும் வரை, மூச்சுத்திணறி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலையை வெகுவாகக் குறைக்கும்.

இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்தே கொடுங்கள், பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் அவன் தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம். மூன்று மாதம் தொல்லையில்லாமல் போனால் அளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், விலா இடுக்கு உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, நீல இன்ஹேலரைக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.