தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன், டிவி பார்க்கலாம்? பள்ளிப் பெற்றோர்கள் சேர்ந்து இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

நான் மருத்துவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. மகன் மூன்றாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. அவர்கள் படிக்கும் பள்ளியில் வாராவாரம் வரும் இரண்டு பக்கச் செய்தி மடலைத் தயாரிக்கும் நான்கு பெற்றோரில் நானும் ஒருத்தி. விளையாட்டு விழா என்றைக்கு, யாருடைய தண்ணீர் பாட்டில் காணோம், நூலகத்துக்கு என்ன புத்தகம் வந்திருக்கிறது என்பது போன்ற சமாச்சாரங்கள்தான் அதில் இருக்கும். ஒருமுறை பிள்ளைகளும் திரையும் பற்றி ஒரு இதழ் போட்டோம். அதுவரை வந்த எந்த இதழுக்கும் அத்தனை பேர் பதில் எழுதியதில்லை. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பதில் எழுதியவர்களில் ஒரு அப்பா, "எத்தனை நிமிஷம்னு ஒரு நம்பர் சொல்லுங்க, பிரிட்ஜ்ல ஒட்டிடறேன்" என்று கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படி ஒரு எண்தான் வேண்டியிருந்தது. தேடிப் பார்த்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் எண் கொடுத்திருக்கிறது, ஆனால் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைத்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் 2 முதல் 5 வயதுக்கு ஒரு மணி நேரம் என்றது. 6 வயதுக்கு மேல்? தூக்கத்தையும் ஓட்டம் ஆட்டத்தையும் தின்றுவிடாதபடி வீட்டிலேயே ஒரு அளவு வையுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. பிரிட்டனில் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ராயல் கல்லூரி 2019-ல் இன்னும் வெளிப்படையாக, எண்ணே தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, நான்கு கேள்விகளைக் கையில் கொடுத்தது. வீட்டில் திரை நேரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? குடும்பமாகச் செய்ய நினைப்பவற்றுக்கு அது குறுக்கே வருகிறதா? தூக்கத்தைக் கெடுக்கிறதா? பார்த்துக்கொண்டே கொறிப்பதை உங்களால் அடக்க முடிகிறதா?

ஆக, நீங்கள் கேட்கும் வயதுக்கு வரும்போது இந்த மூவருமே பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதும், கணக்கு வீட்டுப்பாடம் செய்வதும், ஒன்று முடியுமுன் அடுத்தது தானாக ஓடும் வீடியோக்களை வாய் பிளந்து பார்ப்பதும் ஒரே மணி நேரம்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே கணக்கு வைக்க முடியாது.

திரைக்குத்தான் இவர்கள் எண் தரவில்லையே தவிர மற்றவற்றுக்கு எண் இருக்கிறது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். உடம்பு வியர்க்க ஓடியாட, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் வேண்டும். நான் ஒரு காகிதத்தை எடுத்து 24-லிருந்து கழித்துப் பார்த்தேன். தூக்கம் 10 போனால் 14. பள்ளியும் போக வரவும் 7, மீதி 7. குளியல், சாப்பாடு, கிளம்பும் ரகளை எல்லாம் 2, மீதி 5. வீட்டுப்பாடம் 1, விளையாட்டு 1, மீதி 3. அந்த மூன்றுக்குள்தான் கதை கேட்பது, தங்கையோடு சண்டை, ஒன்றும் செய்யாமல் தரையில் உருண்டுகொண்டிருப்பது எல்லாம் வர வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் திரைக்கு. எங்கள் வீட்டில் பள்ளி நாட்களில் அது முக்கால் மணி நேரம் என்று வந்தது. உங்கள் வீட்டில் வேறு மாதிரி வரலாம். யாரோ தந்த எண்ணைவிட, நானே கழித்துக் கண்டுபிடித்த எண்ணைப் பிள்ளையிடம் விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. மகனும் கூடவே உட்கார்ந்து கழித்தான். குளியல் நேரத்தைக் குறைக்கலாமா என்று பேரம் பேசிப் பார்த்தான்.

சரி, எண்ணை விடுங்கள். எங்கள் வீட்டில் உண்மையான சண்டை எத்தனை நிமிடம் என்பதில் இல்லை, அணைக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு குரல், மூன்று நிமிடம் கழித்து இன்னொரு குரல், பிறகு கையிலிருந்து பிடுங்குவது, அழுகை, கதவை அறைந்து சாத்துவது. முன்கூட்டியே எச்சரித்தால் பிள்ளை தயாராகிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1 முதல் 5 வயதுவரை பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி வைத்த வீடுகளில் அணைக்கும்போது ரகளை கூடியதே தவிரக் குறையவில்லையாம். பார்த்துக்கொண்டிருந்தது தானாக முடிகிற இடத்திலோ, தினமும் அந்த நேரத்தில் நிற்கும் என்ற வழக்கம் இருக்கும்போதோ பிள்ளைகள் லேசாக எழுந்து போயிருக்கிறார்கள். என் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்கள்தான். ஆனாலும் படித்ததும் சுரீரென்றது.

ஒருநாள் குரல் கொடுக்காமல் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதோ கோட்டை கட்டும் விளையாட்டு. சுவரில் ஒரு வரிசை முடியவில்லை. "இது என்னடா ஓட்டை?" என்றேன். "அது வாசல்மா. இன்னும் கதவு வைக்கல." கதவு வைத்தான். கோட்டைக்குள்ளே ஒரு அறை, அறைக்குள்ளே ஒரு கட்டில், கட்டிலில் ஒரு ஆடு. ஆடு எதற்கு என்று கேட்டதற்கு, "வெளியில விட்டா ராத்திரி பயப்படும்" என்றான். அப்புறம் அவனே சேமித்து மூடினான். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். நான் அத்தனை நாளும் ஆட்டுக்குக் கட்டில் போட்டுக்கொண்டிருந்தவன் கையிலிருந்துதான் பிடுங்கியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் இப்படி அமையாது, பல நாள் பழைய கூச்சல்தான். ஆனால் அதற்குப் பிறகு "எட்டு மணிக்கு நிறுத்து" என்பதை "இந்த லெவல் முடிந்ததும் நிறுத்து" என்று மாற்றிக்கொண்டோம். வீடியோ ஆப்பில் தானாக அடுத்தது ஓடுவதை செட்டிங்ஸில் போய் நிறுத்திவிட்டேன். முடிவு என்ற ஒன்று கண்ணில் பட்டால்தானே பிள்ளை எழுந்திருக்கும். அந்தப் பொத்தானை அணைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

தூக்க விஷயத்தில் மட்டும் நான் கறார். தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதை இரவு வெளிச்சம் தள்ளிப்போடும். பிள்ளைகளின் கண்மணி பெரியது, உள்ளே லென்ஸும் தெளிவானது என்பதால் அதே வெளிச்சம் அவர்களை நம்மைவிட அதிகம் தாக்குகிறது. வெளிச்சம் ஒருபுறம் இருக்கட்டும், பரபரப்பான ஒன்றைப் பார்த்துவிட்டுப் படுத்தால் மனசு அடங்குவதற்கே நேரமாகும். மேலே சொன்ன பிரிட்டன் மருத்துவர்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை ஒதுக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் சார்ஜர்கள் எல்லாமே ஹாலுக்கு வந்துவிட்டன, எங்களுடையதும் சேர்த்து. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று என் கணவர் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கி வந்தேன். இப்போது அது டிக் டிக் என்று அடிப்பதால் தூக்கம் வரவில்லை என்கிறார். அது வேறு பஞ்சாயத்து.

கண் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதால் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொன்னால் கொஞ்சம் ஆறுதல். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவழிக்க வேண்டாம், திரையால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கிட்டப்பார்வை வராமல் தடுக்க வெளியில் விடுவது உதவும். சீனாவில் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாகத் திறந்தவெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். இதை மடலில் போட்டதும் ஒரு தாய், "அப்போ வெளியில உட்கார்ந்து போன் பார்த்தா பரவாயில்லையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அது அவர் பிள்ளையின் வாதமாகத்தான் இருக்கும், நல்ல வக்கீல் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. பெற்றோர்கள் சேர்ந்து செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே என் தப்பு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்தி மடல் முன்பு காகிதமாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை பையிலிருந்து கசங்கிப்போய் வெளியே வரும். அதைப் போனுக்கு மாற்றலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். மாற்றிய பிறகு மடலோடு சேர்ந்து வகுப்புக் குரூப்பும் வளர்ந்தது. மாலை 6 முதல் 9 வரை, அதாவது பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, நாளைக்கு என்ன நிறச் சட்டை, ஏழாம் பக்கமா எட்டாம் பக்கமா, அதற்கு நன்றி, நன்றிக்கு ஒரு கைகூப்பல் என்று போன் அடங்காது. பிள்ளைகள் திரை பார்ப்பது பற்றிய அந்த இதழைக்கூட நாங்கள் இரவு எட்டரைக்குத்தான் அனுப்பினோம். நான் அதற்கு வந்த பதில்களைப் படித்துக்கொண்டிருந்தபோது மகள் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். நாலாவது முறை வந்து, "ஸ்கூல் மெசேஜா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் உறுத்தியது.

அடுத்த மாதமே மூன்று மாற்றம் செய்தோம். மடல் மறுபடியும் காகிதத்தில், வெள்ளிக்கிழமை, பிள்ளை கையில். ஆன்லைனிலும் இருக்கும், வேண்டுபவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குரூப்பில் மாலை 6 மணிக்கு மேல் அவசரம் தவிர எதுவும் போடுவதில்லை. சட்டை நிறம் அவசரம் இல்லை என்று எழுதியே வைத்தோம். மூன்றாவதாக, பிள்ளைகளுக்கென்று மடலில் ஒரு மூலை ஒதுக்கினோம். முதல் வாரம் கேட்ட கேள்வி: "போன் அணைந்ததும் என்ன செய்வாய்?" வந்த பதில்களில் மூன்று: "சார்ஜ் போடுவேன்." "அம்மா போனை எடுப்பேன்." "தம்பியைக் கிள்ளுவேன்." பெற்றோர் கூட்டத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

சேர்ந்து செய்வதன் பலன் என்னவென்றால், "எல்லார்கிட்டயும் இருக்கு" என்ற ஆயுதம் பிள்ளை கையிலிருந்து போய்விடும். ஐயர்லாந்தில் கிரேஸ்டோன்ஸ் என்ற ஊரில் 2023-ல் 8 தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளி போகும்வரை பிள்ளைக்கு ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டன. சட்டம் இல்லை, அபராதம் இல்லை, விருப்பம் இருந்தால் சேரலாம். பிரான்ஸ் 2018-ல் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிகளில் போனுக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது. ஆனால் சட்டம் பள்ளி வாசலோடு நின்றுவிடும், மாலையில் வீட்டுக்குள் வராது. அதனால் ஊரார் பேசிவைக்கும் வழியே எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் வகுப்பில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 26 குடும்பங்களில் 17 பேர் மட்டும், பிள்ளை விளையாட வரும் வீட்டில் போனை நீட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டோம். சேராத ஒன்பது பேரில் ஒருவர் இரவு வேலைக்குப் போகிறவர், தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர். பகலில் அவர் கொஞ்சம் கண்ணயர டேப்லெட்தான் துணை. அவரிடம் போய் மெலடோனின் பேச எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை பிற்பகலில் அவர் மகனை எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்புகிறார். இரண்டு பையன்களும் சேர்ந்தால் வீடு வீடாக இருப்பதில்லை.

உங்கள் பள்ளியில் பேச்சை எடுப்பதானால், "உங்கள் பிள்ளை எத்தனை மணி நேரம் பார்க்கிறது?" என்று தொடங்காதீர்கள். எல்லாரும் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். "ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டுப் போன்கள் எங்கே இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது பெரியவர்கள் என்பதால் கொஞ்சம் சிரிப்பும் நெளிவும் இருக்கும், பேச்சும் ஓடும். பிரிட்ஜில் ஒட்ட எண் கேட்ட அந்த அப்பாவுக்கும் கடைசியில் அந்த ஒன்பதைத்தான் கொடுத்தேன்.